கண்ணாடியா, கேமராவா, கெலிண்டானா: லாரியின் இடது பக்கத்தை யார் பார்ப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோலாலம்பூர் செகாம்புட்டில் நாங்கள் லாரி நிறுத்துகிற இடத்தில் அளவு நாடாவோடு தரையில் குந்திக்கொண்டிருந்தேன். பக்கத்து டயர்க்கடை அங்கிள் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, நிலம் வாங்கப் போறியா?" என்றார். நிலம் இல்லை அங்கிள், இந்த லாரியில் உட்கார்ந்தால் எனக்கு எதெல்லாம் தெரியவில்லை என்று அளக்கிறேன் என்றேன். "பத்தொன்பது வருசமா ஓட்டிட்டு இப்பதான் அளக்கிறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நியாயமான கேள்விதான்.

அளந்தது இதுதான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் என் கண் தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடது கதவு ஜன்னலின் கீழ் விளிம்பு 1.9 மீட்டர். கண்ணிலிருந்து அந்த விளிம்புக்குக் குறுக்கே 1.8 மீட்டர். மீதியெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. 1.8 மீட்டர் போவதற்குள் 60 சென்டிமீட்டர் இறங்குகிற பார்வை, 1.5 மீட்டர் உயரத்துக்கு இறங்க 3 மீட்டர் போக வேண்டும். அதாவது கதவுக்கு வெளியே இன்னும் 1.2 மீட்டர். கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவரின் ஹெல்மெட் உச்சி கிட்டத்தட்ட அந்த 1.5 மீட்டர்தான். கதவை ஒட்டி ஒரு மீட்டருக்குள் வந்து நின்றால் ஆளும் மோட்டாரும் ஹெல்மெட்டும் மொத்தமாகக் காணாமல் போகிறார்கள். நம்பிக்கை வராமல், தம்பி மகனை அவன் மோட்டாரோடு கதவோரம் நிறுத்திவிட்டு மேலே ஏறிப் பார்த்தேன். வெறும் தரைதான் தெரிந்தது. கையைத் தூக்குடா என்று கத்தினேன். மணிக்கட்டுக்கு மேலே ஒரு கை மட்டும் ஜன்னல் விளிம்பில் முளைத்து ஆடியது.

முன்பக்கம் இதைவிடப் பரவாயில்லை, ஆனால் நல்லது என்று சொல்ல முடியாது. 75 சென்டிமீட்டர் கூம்பு ஒன்றை பம்பரிலிருந்து தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்ததில், 1.6 மீட்டர் தாண்டிய பிறகுதான் அதன் நுனி தெரிந்தது. அதே கணக்கில், 1.15 மீட்டர் உயரமுள்ள முதலாம் ஆண்டுப் பிள்ளை பம்பருக்கு முன்னால் ஒரு மீட்டருக்குள் நின்றால் எனக்குத் தெரியாது.

இத்தனை வருடம் கழித்து அளக்கப் போனதற்குக் காரணம் இருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு, விடிகாலை நாலரை மணிக்கு, செலாயாங் மொத்தச் சந்தைக்குள் நுழைய இடது பக்கம் ஒடித்தேன். நீளமான லாரியை இடது பக்கம் ஒடிக்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் வலது பக்கம் வாங்க வேண்டும். இல்லையென்றால் பின்சக்கரம் நடைபாதைமேல் ஏறும். அப்படி வாங்கும்போது இடது பக்கத்தில் ஓர் இடைவெளி உண்டாகும். பின்னால் வருகிற மோட்டார்காரருக்கு அது நாம் வழிவிட்ட மாதிரி தெரியும், உள்ளே வந்துவிடுவார். நான் சிக்னல் போட்டிருந்தேன், கண்ணாடியும் பார்த்திருந்தேன், அப்புறம்தான் ஒடித்தேன். டக் என்று ஒரு சத்தம். சந்தையில் மூட்டை தூக்குகிற மியன்மார் பையன். அவனுடைய சைடு மிரர் லாரியின் பக்கத் தடுப்பில் உரசி உடைந்திருந்தது. நல்ல வேளையாகக் காலை ஊன்றி நின்றுவிட்டான். மிரருக்குப் பணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவன்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அது இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு மூன்று லாரிக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். பட்டறைக்காரர் கண்ணாடி என்றார். சாமான் கடைக்காரர் கேமரா என்றார். கிள்ளானில் டிரெய்லர் ஓட்டுகிற மச்சான் ரேடார் சென்சார் என்றான். என் அப்பா ஒரே வார்த்தை சொன்னார்: "கெலிண்டான்." லாரியில் கூட வருகிற உதவியாள். ஒவ்வொன்றாகப் பார்த்து, சிலதை மாட்டிப் பார்த்து, எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே வலது பக்கம் உட்கார்ந்து சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். அதனால் டிரைவருக்குத் தூரமான பக்கம் இடது. மோட்டார்கள் நுழைகிற பக்கமும் இடது. மலேசியாவில் சாலையில் சாகிறவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களும்தான். 1970-களிலேயே ஃபெடரல் ஹைவேயில் மோட்டாருக்கென்று தனிப்பாதை போட்ட ஊர் இது. ஆனால் அந்தப் பாதை முடிகிற இடத்தில் எல்லா மோட்டாரும் நம் இடது கதவுக்குத்தானே வந்து சேர வேண்டும்? ஆகவே ஐரோப்பாவில் சைக்கிளை மனதில் வைத்துச் செய்த கருவிகளை இங்கே மாட்டும்போது கணக்கு மாறுகிறது. சைக்கிள்காரர் எப்போதாவது ஒருவர் வருவார். ஜாலான் ஈப்போ சாலை ஜாமில் ஒரு சிவப்பு விளக்குக்குள் என் இடது பக்கம் இருபது மோட்டார் தாண்டும்.

கண்ணாடியிலிருந்து ஆரம்பிக்கலாம். மலிவு, மின்சாரம் வேண்டாம், பழுதானால் உடனே தெரிந்துவிடும். ஐக்கிய நாடுகள் வாகன விதிகளில் 46-ஆம் எண் விதி லாரிக் கண்ணாடிகளை வகை வகையாகப் பிரிக்கிறது. இரண்டாம் வகை, பக்கத்தில் நீளமாக இருக்கிற பெரிய கண்ணாடி. நான்காம் வகை, அதற்குத் துணையாக அகலமாகக் காட்டுவது. ஐந்தாம் வகை, இடது கதவுக்கு மேலே தலையைக் குனிந்து தரையைப் பார்க்கிறது. ஆறாம் வகை, முன் கண்ணாடியின் மூலையில் நீட்டிக்கொண்டு பம்பருக்கு முன்னால் 2 மீட்டரைக் காட்டுகிறது. என்னுடைய இரண்டு பழைய லாரிகளில் ஐந்தாம் வகை இல்லவே இல்லை. ஒன்றில் ஆறாம் வகை இருந்தது, பாதி துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐந்தாவதையும் ஆறாவதையும் மாட்டிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. தம்பி மகனை மறுபடி அதே இடத்தில் நிறுத்தினோம். ஜன்னலில் தெரியாத ஆள் கண்ணாடியில் தெரிந்தான். ஆனால் எப்படித் தெரிந்தான்? மிளகளவு தலை, அதைச் சுற்றி வளைந்த உடம்பு. கண்ணாடி எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு இடத்தைக் காட்டும், அவ்வளவு சின்னதாகவும் காட்டும். பெரிய பக்கக் கண்ணாடியின் வளைவு ஆரம் குறைந்தது 1,200 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது விதி. அகலக் கண்ணாடிக்கும் கதவுக் கண்ணாடிக்கும் 300 போதும், முன்பக்கம் காட்டும் ஆறாம் வகைக்கு 200 போதும். எனவே கதவுக் கண்ணாடியில் இருப்பது மோட்டாரா குப்பைத்தொட்டியா என்று ஒரு கணம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. லாரி ஓடும்போது அது நடுங்குகிறது. மழையில் ஒரு துளி சரியான இடத்தில் ஒட்டிக்கொண்டால் அந்த மிளகும் போச்சு.

இன்னொரு குறை, கண்ணாடியே மறைப்பதுதான். வலது பக்கம் பெரிய கண்ணாடிக் கூடும் கேபின் தூணும் சேர்ந்து, புலாத்தானில், அதாவது சாலை வட்டத்தில், வலமிருந்து வருகிற ஒரு காரை முழுசாக விழுங்கிவிடும். இதற்கு மருந்து எந்தக் கடையிலும் கிடைக்காது. சீட்டில் உடம்பை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான். அதைப் பழைய டிரைவர்கள் எல்லோரும் செய்வார்கள். புதுப் பையன்கள் முதுகை சீட்டில் ஒட்டவைத்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ஆனால் கண்ணாடியின் பெரிய எதிரி, சரிசெய்யாமல் விடுவதுதான். என் லாரியை ராத்திரி ஓட்டுகிறவர் என்னைவிட ஒரு சாண் குள்ளம். அவர் சீட்டை ஏற்றுவார், கண்ணாடியைத் தொடமாட்டார். வெளிநாட்டு லாரி டிப்போக்களில் தரையில் கோடு போட்டு, அதற்குள் லாரியை நிறுத்தி ஒவ்வொரு கண்ணாடியிலும் எந்தக் கட்டம் தெரிய வேண்டும் என்று பார்த்துச் சரிசெய்வார்கள். நாங்களும் செகாம்புட்டில் வெள்ளைப் பெயிண்டால் நான்கு கட்டம் போட்டோம். பெயிண்ட் செலவு எல்லாவற்றையும்விடக் குறைவு. பலன் என்னவோ பாதி இதில்தான் கிடைத்தது.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு கடையில் மேலிருந்து பார்க்கிற மாதிரி காட்டுகிற 360 பாகைத் தொகுப்பை வைத்தார்கள். நான்கு பக்கமும் நான்கு கேமரா, படங்களைக் கணினி ஒட்டி ஒரே படமாக்குகிறது. நடுவில் நம் லாரி பொம்மை மாதிரி நிற்கும். பார்க்கக் கண்ணைப் பறிக்கிற சமாச்சாரம். கடைக்காரர் தன் பையனை லாரியைச் சுற்றி ஓடவிட்டார். பையன் மூலையைத் தாண்டும்போது கால் ஒரு படத்திலும் தலை இன்னொரு படத்திலுமாகப் பிரிந்து, ஒரு கணம் மெலிந்து, அப்புறம் மறுபடி முழுசானான். இரண்டு படம் ஒட்டுகிற தையலில் அப்படித்தான் ஆகும். உயரமான பொருள் அங்கே இழுபட்டுத் தெரியும், சில சமயம் பாதி காணாமலும் போகும். நமக்கு வேண்டிய இடதுமுன் மூலைதான் அந்தத் தையல். கோஸ்தான் போடவும், அதாவது லாரியைப் பின்னால் எடுக்கவும், குறுகலான கிடங்குக்குள் ஏற்றவும் அது நல்ல கருவி. ஓடுகிற சாலையில் அந்தப் பொம்மை லாரியைப் பார்த்து முடிவெடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் வாங்கியது சாதாரண ஜோடி. இடது கண்ணாடித் தண்டுக்குக் கீழே ஒன்று, பின்னால் ஒன்று, 7 அங்குலத் திரை ஒன்று. சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆனது. இதில் மூன்று விஷயம் கற்றுக்கொண்டேன், மூன்றும் பொருளைப் பற்றியவை அல்ல, மாட்டுவதைப் பற்றியவை.

திரை எங்கே இருக்கிறது என்பது முதல் விஷயம். கம்பித் தொல்லை குறைவு என்று பட்டறைக்காரர் டேஷ்போர்டு நடுவில் மாட்டித் தந்தார். ஒரு வாரம் ஓட்டினேன். இடது பக்கம் ஒடிக்கும்போது கண்ணாடிக்கு ஒரு பார்வை, திரைக்கு ஒரு பார்வை, சாலைக்கு ஒரு பார்வை என்று கழுத்து கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆனது. மணிக்கு 30 கிலோமீட்டரில் லாரி ஒரு வினாடியில் 8 மீட்டர் போகும். அப்புறம் திரையைப் பெயர்த்து இடது தூணில், கண்ணாடிக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொன்னேன். இப்போது இடது பக்கம் திரும்பினால் ஒரே பார்வையில் ஜன்னல், கண்ணாடி, திரை மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. தூணைவிட்டு வெளியே திரை நீட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே மறைக்கிற தூணை நாமே இன்னும் தடிப்பாக்கக் கூடாதல்லவா?

இரண்டாவது விஷயம், சிக்னலோடு கேமராவை இணைப்பது. இடது சிக்னல் போட்டால் இடது படம் திரை முழுக்க வர வேண்டும், கோஸ்தான் கியர் போட்டால் பின்படம் வர வேண்டும். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. சிக்னல் போடாத டிரைவருக்குப் படமே வராது. என் ராத்திரி டிரைவர் இப்போது படத்துக்காகவே சிக்னல் போடுகிறார். இருபது வருடமாக யார் சொல்லியும் கேட்காத மனிதர்.

மூன்றாவது துடைப்பது. கோலாலம்பூரில் சாயங்கால மழையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கல் தூசியும் மழையும் கலந்த சேறு லென்ஸில் ஒட்டினால் படம் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். அதுவும் சரியாக எப்போது? மழை கொட்டும்போது மேம்பாலத்துக்கு அடியில் முப்பது நாற்பது மோட்டார்கள் இடது ஓரத்தையும் பாதிப் பாதையையும் அடைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கும் அந்த நேரத்தில்தான். மழைக்கோட்டு மாட்டுகிறவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி நம் பாதைக்குள் வருவார். கேமராவை முழுசாக நம்பிப் பழகியவனுக்கு அந்த நிமிடத்தில் ஒன்றுமே இருக்காது. லென்ஸுக்கு மேலே குடை மாதிரி ஒரு தகடு வளைத்து மாட்டியிருக்கிறேன். ஓரளவு தாங்குகிறது.

வயதையும் சொல்லியாக வேண்டும். எனக்கு 47. இடது கண்ணாடி என்னிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது, அதில் கண் சுலபமாக நிலைக்கிறது. டேஷ்போர்டில் இருந்தபோது திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாலையிலிருந்து அதற்கு மாறும்போது படிக்கிற மூக்குக்கண்ணாடி தேடுகிற மாதிரி ஒரு மங்கல். தூணுக்கு மாற்றியதில் தூரம் கூடி அந்தத் தொல்லையும் குறைந்தது. இருபத்தைந்து வயதுப் பையன் இதைப் படித்துச் சிரிப்பான், பரவாயில்லை.

கண்ணாடியே இல்லாமல் கேமரா மட்டும் என்று ஒரு கட்சி இருக்கிறது. மெர்சிடிஸ் பென்ஸ் 2018-இல் ஆக்ட்ரோஸ் லாரியில் பெரிய கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, கூரை ஓரத்தில் கேமராவும் உள்ளே தூண்களில் நீளத் திரைகளும் வைத்து அறிமுகப்படுத்தியது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டிரெய்லர் வளையும்போது படமும் கூடவே நகர்ந்து வால் முனையைக் காட்டும். சாதாரணக் கண்ணாடியில் லாரியின் தலை திரும்பியதும் டிரெய்லரின் பக்கச் சுவர்தான் தெரியும், பின்சக்கரம் எங்கே போகிறது என்று முருகனுக்குத்தான் தெரியும். கண்ணாடிக் கூடு போய்விடுவதால் புலாத்தானில் மறைப்பும் குறைகிறது. புது டிரெய்லர் தலை வாங்குகிறவர்கள் யோசிக்கலாம். என்னைப் போல மூன்று லாரியை வைத்து வண்டி ஓட்டுகிறவனுக்கு இது அடுத்த வீட்டுக் கல்யாணம்.

சென்சார். மச்சான் சொன்னானே என்று மலிவான மீயொலி சென்சார் நான்கை இடது பக்கம் மாட்டினேன். ஏதாவது நெருங்கினால் பீப் என்று கத்தும். மாட்டிய மறுநாள் ஜாலான் கூச்சிங்கில் ஜாம். முதல் ஐந்து நிமிடம் கவனமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மோட்டார். மோட்டார். சாலைத் தடுப்பு. மோட்டார். விளக்குக் கம்பம். மழை கனத்தபோது ஒன்றுமே இல்லாமலும் கத்தியது. பத்தாவது நிமிடம் என் காது அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது. மூன்றாம் நாள் ராத்திரி டிரைவர் ஒலிபெருக்கிமேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். கோபிக்க முடியவில்லை. புலி வருது புலி வருது என்று நிமிடத்துக்கு இருபது தடவை கத்தினால் நிஜப் புலிக்கு யார் திரும்புவார்?

இதே பாடத்தை லண்டன் வேறு வழியில் கற்றிருக்கிறது. அங்கே 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, கேபினிலிருந்து டிரைவர் நேராக எவ்வளவு பார்க்க முடியும் என்று பூஜ்யம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் உண்டு. 2021 மார்ச்சிலிருந்து அமலில் இருக்கிறது. 2024 அக்டோபரில் விதி இறுகியது. மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்த லாரி நகருக்குள் வர வேண்டுமென்றால் கூடுதல் கருவிகள் வேண்டும். அதில் சென்சாருக்கு ஒரு நிபந்தனை: சாலையோரக் கம்பத்துக்கும் நிற்கிற வாகனத்துக்கும் கத்தக் கூடாது. ஆளையும் கம்பத்தையும் பிரித்தறியாத பழைய சென்சார்களை மாற்ற வேண்டியதாயிற்று. 2019-இல் வந்த ஐக்கிய நாடுகள் 151-ஆம் விதியும் இந்த வகைதான். திரும்பும்போது சைக்கிள்காரர்மேல் மோதும் அபாயம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். லாரி கிளம்பும்போது முன்னால் ஆள் நிற்பதைச் சொல்கிற கருவிக்கு 159-ஆம் விதி. அந்தத் தரத்து ரேடார் மழையைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, ஓடுவதையும் நிற்பதையும் பிரித்தறியும். விலைதான் என் மூன்று லாரிக்கு ஒத்துவரவில்லை. மலிவான பீப் பெட்டியை மட்டும் யாரும் வாங்க வேண்டாம். அது இல்லாததைவிடக் கேடு. கிளம்பும்போது மட்டும் பேசுகிற முன்பக்கக் கருவி என்றால் அது வேறு கதை. பள்ளிக்கூடப் பேருந்து வைத்திருப்பவர்கள் காசைச் சேர்த்து முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பேன். பிள்ளைகள் இறங்கி பம்பருக்கு முன்னால் குனிந்து தண்ணீர் போத்தலை எடுப்பார்கள், டிரைவர் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

இனி அப்பா சொன்ன ஆள். கெலிண்டான் என்றால் மூட்டை இறக்குகிறவர் என்றுதான் இன்றைய முதலாளிகள் நினைக்கிறார்கள். அப்பா காலத்தில் அவர் இடது கண். ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி, கதவைக் கையால் தட்டிக்கொண்டே வருவார். ஒரு தட்டு தட்டினால் நில், இரண்டு தட்டினால் போகலாம். பிரிக்பீல்ட்ஸ் சந்துகளில் அப்பா அப்படித்தான் லாரியை விட்டாராம். யோசித்துப் பார்த்தால், நான் அளந்த அந்த 1.2 மீட்டர் இருட்டு டிரைவருக்குத்தான். இடது சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கீழே குனிந்தால் மோட்டார்காரரின் மடியில் இருக்கிற பொட்டலம்கூடத் தெரியும். கருவியெல்லாம் படத்தைக் காட்டும், ஆள்தான் "இருங்கண்ணே, அவன் வரப் போறான்" என்று சொல்வான். மோட்டார்காரரின் முகத்தைப் பார்த்து, கையைக் காட்டி நிறுத்தவும் அவனால் முடியும். எந்த ரேடாருக்கும் அந்தக் கை கிடையாது.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. சம்பளம் ஒவ்வொரு மாதமும் வரும், கேமராவுக்கு ஒரு தடவைதான். விடிகாலை நாலரைக்கு கெலிண்டான் தூங்குவார். மற்ற நேரம் கைப்பேசி. என் உரசல் நடந்த அன்று என் இடது சீட்டில் ஆள் இருந்தார், நல்ல தூக்கத்தில். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, முதல்நாள் இரவு இரண்டு லோடு இறக்கியவர். ஆளைக் கண்ணாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவரைத் தூங்கவும் விட வேண்டும். அதைக் கணக்கில் சேர்த்தால் கெலிண்டான்தான் எல்லாவற்றிலும் விலை கூடிய கருவி.

கடைசியாக நம் கைக்கு எட்டாத ஒன்று: தாழ்ந்த கேபின். மெர்சிடிஸின் எக்கோனிக் மாதிரி லாரிகளில் டிரைவர் பேருந்து டிரைவர் போலத் தாழ்வாக உட்காருகிறார். இடது கதவு கிட்டத்தட்ட முழுக்கக் கண்ணாடி. ஹெல்மெட் மட்டுமல்ல, ஹேண்டிலும் தெரியும். லண்டனுக்காக லீட்ஸ் பல்கலைக்கழகம் சோதித்ததில், நேராகக் கண்ணால் பார்க்கும்போது டிரைவர், கண்ணாடியிலோ திரையிலோ பார்ப்பதைவிட சராசரியாக 0.7 வினாடி சீக்கிரம் செயல்பட்டார். மணிக்கு 24 கிலோமீட்டரில் அது 4.7 மீட்டர். ஒரு காரின் நீளத்துக்கு மேல். கோலாலம்பூரில் குப்பை லாரிக்கும் நகருக்குள்ளேயே ஓடுகிற விநியோக லாரிக்கும் இந்தக் கேபின்தான் வர வேண்டும். மேடு பள்ளமான மண் தளத்தில் ஓடுகிற டிப்பருக்கு இது ஒத்துவராது, அடி தட்டும். எப்படியானாலும் வாங்கப் போவது நானில்லை.

ஆனால் அந்த 0.7 வினாடி என் மண்டையில் ஏறிவிட்டது. நேர்ப் பார்வைதான் ராஜா என்றால், எனக்கு இருக்கிற நேர்ப் பார்வையை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? இறங்கி லாரிக்கு முன்னால் நின்று பார்த்தேன். முன் கண்ணாடியின் மேலே பாதி அடிக்கு சிவப்புக் குஞ்சம் வைத்த திரைச்சீலை. இடது கீழ் மூலையில் முனீஸ்வரர் படம், அதற்கு மாலை, நூலில் கோத்த எலுமிச்சை, டோல் கட்டுகிற டச் அண்ட் கோ அட்டைக்கு ஒரு தாங்கி, கைப்பேசிக்கு ஒரு தாங்கி, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒரு பெரிய வட்டம். இடது பக்கம் கடந்து முன்னால் வருகிற மோட்டார்காரர் முதலில் எங்கே தெரிவாரோ, சரியாக அந்த மூலையைத்தான் கோயிலாக்கி வைத்திருக்கிறேன். இடது ஜன்னலில் கறுப்புத் தாள் வேறு, வெயிலுக்காக ஒட்டியது. ராத்திரியில் அது என்ன காட்டும்?

2025 மே மாதம் தெலுக் இந்தானில் லாரி மோதி ஒன்பது காவலர்களும், ஜூனில் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து பதினைந்து மாணவர்களும் இறந்த பிறகு, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பற்றித்தான் எங்கள் மாமாக் சாப்பாட்டுக் கடை மேசையில் பேச்சு. அது வேண்டியதுதான். ஆனால் என் உரசல் நடந்தபோது லாரியின் வேகம் ஆள் நடக்கிற வேகம்.

இப்போதைய நிலவரம் இது. சந்தைக்குப் போகிற லாரிக்கு ஐந்தாம், ஆறாம் வகைக் கண்ணாடி, தூணில் திரை, சிக்னலோடு இணைந்த இடது கேமரா. கூடவே ஆளும் உண்டு, அவருக்கு இரவு ஒரு லோடுதான். போர்ட் கிள்ளானுக்குப் போகிற லாரி பெரும்பாலும் ஹைவே, ஆள் இல்லாமல்தான் ஓடுகிறது, அதற்குக் கண்ணாடியும் கேமராவும் போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் கட்டுமான லாரிக்குக் கண்ணாடியை எடுப்பேன், சேற்றில் கேமரா ஒரு நாளில் குருடாகிவிடும். நகர லாரிக்குக் கேமராவை எடுப்பேன். சென்சார் நான்கையும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், கிடங்குச் சுவருக்கு கோஸ்தான் போட மட்டும் பின்னால் ஒன்றை மாட்டலாம் என்று யோசனை.

மூன்றாவது லாரி வரும் புதன்கிழமை பட்டறைக்குப் போகிறது. திரைச்சீலையையும் கறுப்புத் தாளையும் நானே கிழித்தாயிற்று. முனீஸ்வரரை எங்கே வைப்பது என்றுதான் வீட்டில் வாக்குவாதம். அம்மா டேஷ்போர்டைவிட்டு அசைக்கக் கூடாது என்கிறார். எனக்குப் பின்னால் சீட்டுக்கு மேலே வைக்கலாம் என்றேன். "பின்னால வெச்சா சாமி எப்படி ரோட்டைப் பார்ப்பாரு?" என்று கேட்கிறார்.